கிளிப்பு அக்கா கூப்பிட்ட ஜனம்

கிளிப்பு அக்காவுக்கு யாரையும் சும்மா கடந்துபோக விடத் தெரியாது.

மயிலாப்பூரில் என் பாத்திரக்கடை வாசலை ஒட்டிய நடைபாதையில்தான் அவர் உட்கார்ந்திருப்பார். ஒரு நீலத் தார்ப்பாய், அதன்மேல் அகலமான பலகை, பலகை நிறையத் தலைக்கிளிப்பு, ரப்பர் பேண்டு, சேஃப்டி பின், ஸ்டிக்கர் பொட்டு. ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். கனத்த உடம்பு. எழுந்திருக்க வேண்டுமென்றால் என் கடைப் படியைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். ஆனால் குரல் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருமுனை வரை போய் ஆளைப் பிடித்துக்கொண்டு வரும்.

“இன்னா மாமி, குக்கரு கேஸ்கட்டு போச்சு கேஸ்கட்டு போச்சுன்னு ஒரு வாரமா சொல்லிக்கினு கீறே. தோ, நைனா கடைல கீது. உள்ள போ.”

நைனா என்பது நான். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், ஆனாலும் நைனாதான். நான் அக்கா என்பேன். தெருவுக்கே அவர் கிளிப்பு அக்கா.

யார் வீட்டுக் குக்கருக்கு என்ன கோளாறு, யார் பெண்ணுக்குப் பிளவுஸ் துணி வேண்டும், யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தந்த ஆளை அந்தந்தக் கடைக்குள் தள்ளிவிடுவார். தன் சரக்கை அவர் கூவி விற்று நான் கேட்டதே இல்லை. ஒருநாள் கேட்டேன்.

“எங்கம்மா மீனு வித்துது நைனா. தெருத்தெருவா கூவிக் கூவி தொண்டையே பூட்ச்சு. நானு கூவ மாட்டேன். கூவறது வேற, கூப்புடறது வேற.”

“என்ன வித்தியாசம்?”

“கூவறது நமக்காவ. கூப்புடறது அவங்களுக்காவ,” என்று சொல்லிவிட்டு, போகிற ஒரு பெண்ணைக் கூப்பிடப் போய்விட்டார். 

பூமிக்கடியில் ரயில் விடும் வேலைக்காக எங்கள் தெருவின் ஒரு முனையைத் தகரம் வைத்து அடைத்தார்கள். இந்தப் பக்கம் வர வேண்டுமானால் மூன்று சந்து சுற்றி, சேறு மிதித்து வர வேண்டும். வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஜனம் தி. நகருக்குப் போகப் பழகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்தபடி கைபேசியில் வாங்கவும் பழகிவிட்டது. கண்ணாடிக்கடை போனது. நோட்டுப்புத்தகக் கடை போனது. கடைசியில் தகரத்தைப் பிரித்த அன்று நாங்கள் பட்டாசு வெடித்தோம். பிரித்த இடத்தில் வழி இருந்தது, வருவதற்குத்தான் ஆளில்லை.

டீக்கடை வாசலில் நின்று புலம்புவோம். எனக்கு இரண்டு கடை தள்ளி ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் எங்களில் பெரியவர். திருநெல்வேலிப் பக்கம், என் அப்பாவுக்குத் தெரிந்தவர். “காலம் மாறிப்போச்சு தம்பி. இனிமே எவன் வருதான்?” என்பார். ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்த கிளிப்பு அக்கா, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஜனம் வர்ல, ஜனம் வர்லன்னு அழுவுறீங்களே, யாருனா போயிக் கூப்ட்டீங்களா? ஊட்டுல ஒரு விசேஷம்னா பத்து வாட்டி போயிக் கூப்புட்றீங்க. கடைன்னா மட்டும் தானா வரணுமா?”

அதோடு அவர் விடவில்லை. அந்த வாரமே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கித் தன் யோசனையைச் சொன்னார். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் தெருவில் வண்டி விடக் கூடாது. கடைக்காரர்கள் கடைக்குள் உட்காராமல் தெருவில் வந்து நிற்க வேண்டும். அன்றைக்கு விற்கக் கூடாது, ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். 

“நான் என்ன செய்து கொடுப்பேன் அக்கா?” என்றேன்.

“பரண் மேல பித்தள கருத்துப் போயி கெடக்குது எல்லா ஊட்லயும். எத்துனு வரச் சொல்றேன். தேய்ச்சுக் குடு.”

“நானா?”

“பின்ன, உங்க மாமனாரா?”

அழைப்பு நோட்டீஸ் அடிக்கலாம் என்றார் அண்ணாச்சி. கிளிப்பு அக்கா கையை ஆட்டினார். “நோட்டீசு குட்தா குப்பைல போடும். கிளிப்பு குட்தா தலைல போடும்.” அப்படித்தான் செய்தார். பின்னால் இருக்கும் ஐந்தாறு தெருக்களில், ஒவ்வொரு அடுக்குமாடியாக, லிஃப்ட் இல்லாத இடங்களில் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கி ஏறி, வீட்டுக்கு ஒரு கிளிப்பைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு வந்தார். சொந்தச் சரக்கு. மூன்று நாள் பலகை காலியாகக் கிடந்தது.

அந்த முதல் ஞாயிறு என் வாழ்க்கையில் மறக்காது. ஏழு மணிக்கு நான்கு பேர். எட்டு மணிக்கு நாற்பது. ஒன்பது மணிக்கு நான் புளிக்கரைசலில் முழங்கை வரை நனைந்து, லுங்கியை மடித்துக் கட்டி, தெரு நடுவில் குந்தி உட்கார்ந்து யாரோ வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தெரு மாமி ஓர் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார். “எங்காத்துல இது பித்தளைன்னே எல்லாரும் மறந்துட்டா. இரும்புன்னு நெனச்சுண்டு இருந்தோம்,” என்றார். தேய்த்து வெயிலில் வைத்தபோது அண்டா தங்கம் மாதிரி நின்றது. மாமி அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் வரிசையில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். அண்ணாச்சி ஜவுளிக்கடைத் தையல்காரரை வெளியே உட்காரவைத்து, அறுந்த பட்டன்களைத் தைத்துக் கொடுக்கச் செய்தார். 

கிளிப்பு அக்கா தன் இடத்தைவிட்டு அசையவில்லை. போகிறவர்களை நிறுத்தி, “பிபி பாத்தியா? போ, பாத்துக்கினு வா,” என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டுவந்த காவலரையும் விடவில்லை. “சட்டைல பட்டன் இல்ல, அனுமதி கேக்க வந்துட்டே,” என்று தையல்காரரிடம் தள்ளிவிட்டார். அவர் பட்டன் தைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போனார்.

விற்பனை மறுநாள் திங்கட்கிழமை நடந்தது. பித்தளையைப் பார்த்தவர்கள் பித்தளை கேட்டு வந்தார்கள். மூடிக் கிடந்த ஷட்டர்கள் ஆறேழு மாதத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தன. 

அவருடைய இந்தக் கூப்பிடுகிற குணம் சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும். துக்க வீட்டிலிருந்து வருகிறவனையும் கூப்பிடுவார். பேச விருப்பமில்லாதவனையும் கூப்பிடுவார். “எதுக்கு அக்கா, போகிறவனைப் போகவிட வேண்டியதுதானே?” என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 

“கடலு உள்ள வந்துச்சே, அதுல எங்க குப்பத்து ஊடு போச்சு. ஊருக்கு வெளில மாடி ஊடு கட்டி, லாரில ஏத்திக்கினு போயி வுட்டாங்க. நாலாவது மாடி. போயி ஆறு மாசம், ஒருத்தரும் ஒருத்தரக் கூப்புடல நைனா. பக்கத்து ஊட்டுல ஒருத்தன் செத்து ரெண்டு நாளு, யாருக்கும் தெரில. யாருனா கூப்ட்டுப் பாத்திருந்தா?”

அந்த நாலாவது மாடியிலிருந்துதான் இரண்டு பஸ் மாறித் தினமும் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார். எனக்கு அன்றுவரை தெரியாது. பத்து வருஷம் என் படியைப் பிடித்து எழுந்தவர் எங்கிருந்து வருகிறார் என்று நான் கேட்டதில்லை.

தெரு நிமிர்ந்ததும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். வீடு கட்டி விற்கும் ஒரு நிறுவனம் மேடை போட்டுத் தருவதாகச் சொன்னது. சங்கம் வேண்டும் என்றார்கள், சங்கம் வைத்தோம். அண்ணாச்சி தலைவர், நான் செயலாளர். கடை இருப்பவர்கள்தான் உறுப்பினர் ஆகலாம் என்று விதி எழுதினோம். எழுதியது நான்தான். கிளிப்பு அக்கா சிரித்தார். “நானு மெம்பராயி இன்னா பண்ணப் போறேன்? நீ கீறல்ல.”

அந்தச் சமயத்தில், ஊர் விஷயங்களைப் படம்பிடித்து இணையத்தில் போடும் ஒரு பெண் கேமராவோடு வந்தாள். வருகிறாள் என்று எனக்கு முன்பே தெரியும். இஸ்திரி போட்ட சட்டையில், முகத்தில் கொஞ்சம் பவுடரோடு கடை வாசலில் நின்றேன். “இதை யார் ஆரம்பித்தது?” என்று அவள் தெருவில் கேட்டாள். டீக்கடைக்காரர், மாமி, மருந்துக்கடைக்காரர் எல்லோரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். கேமரா என்னைத் தாண்டிப் போய், கீழே தார்ப்பாய்க்கு நேரே குனிந்தது. படத்தின் ஓர் ஓரத்தில் என் தோள்பட்டை மட்டும் வந்திருந்தது. வீட்டில் என் மனைவி, “இது உங்க சட்டைதானே?” என்று கேட்டாள். 

பிறகு மாநகராட்சியிலிருந்து நடைபாதையைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. கருங்கல் பாவி, பூச்சட்டி வைத்து, பெஞ்சு போடப் போகிறார்கள். வேலை முடிந்தபின் நடைபாதையில் யார் யார் உட்காரலாம் என்று சங்கம் ஒரு பட்டியல் கொடுத்தால், அவர்களுக்கு இடம் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். அண்ணாச்சி கடை மாடியில் கூட்டம் நடந்தது. 

“பூக்கட்டுத அம்மா, செருப்பு தைக்கவரு, கீரைக்காரி, எளநீர்க்காரரு,” என்று அண்ணாச்சி விரல்விட்டுச் சொன்னார். “கிளிப்புக்காரி பேரையும் எழுதிக்கிடும் தம்பி. அவ இல்லன்னா இந்தத் தெருவே இல்லலா.” 

எழுதும் பொறுப்பு என்னுடையது. மறுநாள் கிளிப்பு அக்கா ஆதார் அட்டையின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில்தான் அவர் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதாதவனுக்கு இங்கே எழுத உரிமை இல்லை.

நான்கு பெயர்களை எழுதினேன். ஐந்து என்று எண்ணும் போட்டேன். பேனா நின்றது. என் கடை வாசல் அடைபடாமல் இருந்தால் வெளியே அடுக்குப் பாத்திரங்களை வரிசையாக வைக்கலாம். இப்படி நினைத்தது உண்மை. யாராவது கேட்டால் இதைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த நிமிஷம் என் கண்ணில் நின்றது பாத்திரம் அல்ல. என்னைத் தாண்டிப் போய்க் குனிந்த கேமரா. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறொரு தாளில் நான்கு பெயரோடு முடித்துக் கையெழுத்துப் போட்டேன். 

“நைனா, லிஸ்ட்ல நம்ம பேரு கீதா?”

“இருக்கு அக்கா.”

“அப்ப சரி,” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், செக்ரட்டரி எழுதிவிட்டார் என்று.

நடைபாதையைக் காலிசெய்ய மாநகராட்சி ஆட்கள் வரும் நாள் செயலாளர் என்ற முறையில் எனக்கு முன்கூட்டியே தெரியும். அன்று கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு, அசோக் நகரில் மனைவியின் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். கைபேசியை அணைத்துவிட்டேன். அவர்கள் வீட்டுச் சோபாவில் பகல் முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

நடந்ததை மறுநாள் மாமிதான் சொன்னார்.

“எங்க செக்ரட்டரி எழுதிக் குடுத்திருக்கார், நன்னாப் பாருங்கோன்னு அவ திரும்பத் திரும்பச் சொல்லிண்டே இருந்தா. அந்தக் கார்ப்பரேஷன் மனுஷன் பேப்பரை நீட்டினான். அவ வாங்கி என்கிட்ட குடுத்து, நீ படி மாமின்னா. நான் ரெண்டு தரம் படிச்சேன். நாலு பேர்தான் இருந்தது. வந்தவா அவ பலகையை லாரில தூக்கிப் போட்டா. கிளிப்பெல்லாம் ரோட்டுல கொட்டி, வண்டி ஏறி நொறுங்கித்து. நாங்க எல்லாரும் கத்தினோம். அவ மட்டும் ஒரு வார்த்தை பேசலை. நீங்க அசோக் நகர் போயிருக்கேள்னு உங்க தம்பி சொன்னார். உங்களுக்கு ஃபோன் போட்டுண்டே இருந்தோம்.”

“அங்கே சிக்னல் இல்லை மாமி.”

“அசோக் நகர்லயா?” என்றார் மாமி. 

நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமி, “போறச்சே ஒண்ணு சொல்லிட்டுப் போனா. நைனா எழுதினாரு, நடுவுல எவனோ அடிச்சுட்டான், நைனா மனசு கஷ்டப்படப் போறாரு, சொல்லிடுன்னா,” என்றார். 

அண்ணாச்சி கேட்டபோது, மேலே யாரோ பெயரை எடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் நம்பினார். 

புது நடைபாதை அழகாகத்தான் இருந்தது. என் அடுக்குப் பாத்திரங்களை வெளியே வைத்தேன். ஞாயிறு விழா பெரிதாக நடந்தது. மேடை, ஒலிபெருக்கி, நிறுவனத்தின் பெயர் போட்ட பனியன்கள். எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. பின்தெருக்காரர்கள் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு ஜன்னலை மூடிக்கொண்டார்கள். அவர்களை யாரும் போய்க் கூப்பிடவில்லை. ஒரு வருஷத்துக்குள் மருந்துக்கடைக்காரர் ஆதம்பாக்கம் போய்விட்டார். ஷட்டர்கள் மறுபடி இறங்கத் தொடங்கின. 

“அவளப் போய்க் கூட்டிட்டு வாரும் தம்பி,” என்றார் அண்ணாச்சி. “இடத்துக்கு நான் பேசுதேன். மேடையில வச்சு ஒரு சால்வையும் போடுவோம். நமக்கு அவகிட்ட ஒரு கடமை இருக்குலா.” 

இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரே மாதிரி நிறத்தில், ஒரே மாதிரி துணி தொங்கும் கட்டடங்கள். கிளிப்பு அக்கா எங்கே என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்த வெட்டவெளியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இடியாப்பம், பழைய துணியில் தைத்த பை, உப்புக்கண்டம் என்று வைத்திருந்தார்கள். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு நாற்காலியில் அவர். மாடிகளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். 

“ஐயே, நைனா!” என்று எழப் பார்த்தார். பிடித்துக்கொள்ள அங்கே படி இல்லை. நான் கை கொடுத்தேன். “தே, இங்க வாங்க எல்லாரும். நானு சொல்லுவனே, மைலாப்பூரு நைனா. இவருதான். எனுக்காவ லிஸ்ட்ல எய்தினவரு.” 

நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் கீழே உட்கார்ந்தார். யாரோ ஆரஞ்சு நிறத்தில் குடிக்க ஏதோ கொண்டுவந்தார்கள். குடித்தேன். வந்த காரியத்தைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“யாரு நைனா என் பேர அட்ச்சது?”

“மேலே யாரோ…”

“மேலன்னா? மேலயும் ஆளுங்கதான கீறாங்க. பேரு சொல்லு.”

அவர் கண்ணில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். என் வாய் திறந்தது. 

“அண்ணாச்சி,” என்றேன்.

“அந்தாளா?” என்றார். “அவரு பேத்தி காதுகுத்துக்கு நானுதான் தெருவுல ஊடு ஊடா போயிக் கூப்ட்டேன்.” பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வுடு. நீ இவ்ளோ தூரம் கூப்ட வந்துகீறே. வராம இருப்பனா?”

வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே வந்து, பின்தெரு மாடிகளில் மறுபடி ஏறி இறங்கினார். ஒலிபெருக்கி வேண்டாம் என்றார். அன்று காலை ஜனம் திரண்டுவிட்டது. மாமி அண்டாவோடு வந்தார். ஆதம்பாக்கத்திலிருந்து மருந்துக்கடைக்காரரும் ரத்த அழுத்தக் கருவியோடு வந்தார். கிளிப்பு அக்கா என் கடை வாசலில், நான் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு அண்ணாச்சி மேடையேறினார். எழுபது வயது மனிதர். பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார். கையில் சால்வை. “இந்தத் தெருவுக்கு உசிரு குடுத்தவங்க…” என்று தொடங்கி, மேடைக்கு வரச் சொன்னார். 

கிளிப்பு அக்கா எழுந்தார். என் படியைப் பிடித்துத்தான் எழுந்தார். மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், தெருமுனை வரை போகும் அந்தக் குரலில் சொன்னார்:

“என் பேர அட்ச்ச கையால சால்வ வாங்க மாட்டேன் அண்ணாச்சி.” 

அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. “யாரு? நானா?” என்றார். அக்காவைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்த நிமிஷத்தை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் அப்பாவைத் தெரிந்தவர் என்பதாலோ, அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியாததாலோ, சொல்லவில்லை. சால்வையை நாலாக மடித்து நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கித் தன் கடையைப் பார்த்துப் போனார். ஜனம் விலகி வழிவிட்டது. யாரும் அவரோடு பேசவில்லை. 

கிளிப்பு அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கினார்.

“இவருதான் எனுக்காவ எய்தினவரு. கை தட்டுங்க.”

தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். மாமி மட்டும் அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். 

“சிரி நைனா, ஜனம் பாக்குது,” என்றார் அக்கா.

சிரித்தேன்.